இனிப்பு நீர் எந்தப் பக்கத்துச் சொத்து?

நான் வேலை செய்த கிளினிக்கில் போன மாதம் ஒரு தேநீர் விருந்து. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவனையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். கறிபாப் அடுக்கிய மேசையை நோக்கி நான் நகர்ந்துகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த மருத்துவ உதவியாளர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

“சார், உங்க காலத்துல சின்னப் பிள்ளைக்கு இனிப்பு நீர்னு தெரிஞ்சா முதல்ல என்ன செய்வீங்க?”

“ஓடுவேன்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பெயர் உண்டு. நான் வாயைத் திறந்தாலே வேடிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நான் சொன்னது நடந்த விஷயம். ஓடினேன். கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அதே கிளினிக்கில்தான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி நாலு பேருக்குத் தெரிவதற்குள் நானே எழுதிவிடுவது மரியாதை.

சிம்பாங் அம்பாட்டுக்கும் புலாவ் செபாங்குக்கும் நடுவில், ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் செம்பனை என்று நின்ற சின்ன அரசாங்க கிளினிக் அது. பதவியின் பெயர் காகிதத்தில் என்னவாக இருந்தாலும் தோட்டத்து மக்களுக்கு நான் கடைசிவரை காயத்துக்குக் கட்டுப் போடுகிற ‘டிரசர்’தான். காய்ச்சலுக்கு மாத்திரை, அரிவாள் காயத்துக்குத் தையல், பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து. மூன்று ஆண்டுப் பயிற்சியில் பிள்ளைகளின் இனிப்பு நீரை, அதாவது நீரிழிவைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்தது அரைப் பக்கம். மெலிந்த பிள்ளை, தீராத தாகம், வாந்தி, மயக்கம், உடனே இன்சுலின், தாமதித்தால் சாவு. அந்த அரைப் பக்கத்தில் என் மண்டையில் தங்கியது கடைசிச் சொல் மட்டும். குண்டான ஆட்களுக்கு வருவது வேறு வகை, அது நாற்பது தாண்டியவர்களின் சமாச்சாரம், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். அப்போது எனக்கும் நாற்பது தாண்டியிருந்தது. உடம்பும் தாராளமானது. என் அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் விரலைக் குத்திய நான் என் விரலை மட்டும் தொட்டதில்லை. நிதானமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவானி வந்தது தோளில் ஒரு கட்டியோடு. ஆறாம் ஆண்டு படிக்கிற, பன்னிரண்டு வயதுப் பெண். வயதுக்கு மீறிய பருமன். எதற்கும் அசராத முகம். அவளுடைய அம்மா சரோஜா பக்கத்தில் நின்று, “மூணு வாரமா ஆற மாட்டேங்குது டிரசர் ஐயா” என்றாள். ஆறாத கட்டி என்றால் சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன்.

சிறுநீர்ச் சோதனைப் பட்டைகள் வந்துவிட்ட காலம்தான். ஆனால் அவை எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே பழைய முறை. நீலத் திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, இடுக்கியால் பிடித்து, விளக்குச் சுடரின் மேல் சாய்த்து மெல்ல ஆட்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். குழாயின் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். பொங்கினால் முகத்தில் தெறிக்கும். நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் யோசிக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போக முகத்தில் சிரிப்பு குறைய வேண்டும். பவானியின் குழாய் பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல் அடியில் படிந்து நின்றது.

எனக்கு அந்த அரைப் பக்கத்தின் கடைசிச் சொல் ஞாபகம் வந்தது.

“அம்மா, பிள்ளையப் படுக்க வைங்க! எழுந்திரிக்க விடாதீங்க! மயக்கம் வருதாம்மா?”

“இல்ல அங்கிள்.”

“கண்ணு மங்குதா?”

“இல்ல அங்கிள். உங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. நீங்க வேணா படுங்க.”

நான் ஸ்ட்ரெச்சரை இழுத்து வந்தேன். அதன் ஒரு சக்கரம் பல மாதங்களாகச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிள்ளையை ஏற்றிவிட்டுத் தள்ளினால் அது டாக்டர் அறைக்குப் போகாமல் மருந்து வாங்கும் வரிசையை நோக்கிப் போனது. வரிசை கலைந்தது. யாரோ “அலாமாக்!” என்றார்கள். பவானி இறங்கி, ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்துத் திருப்பி, “இந்தப் பக்கம் அங்கிள்” என்று எனக்கு வழி காட்டினாள். நான் அதை அப்படியே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன். ஆக, அன்று டாக்டர் அறைக்குள் வந்து சேர்ந்த வரிசை இது: முதலில் மூச்சு வாங்கிக்கொண்டு நான், பின்னால் காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நோயாளி.

டாக்டர் ஹலிமா நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான, சின்ன உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்டுவிட்டு, “லாகி?” என்பார். ‘இன்னும் என்ன?’ என்று மலாயில் அந்த ஒரு சொல்தான். அதற்கு மயங்கி ஆட்கள் கேட்காததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். நானும் சொன்னேன்: செங்கல் நிறம், சாவு, ஆம்புலன்ஸ்.

“லாகி?”

“அவ்வளவுதான் டாக்டர்.”

“பிள்ளை வாந்தி எடுத்தாளா? மெலிந்தாளா?”

கேட்கவில்லை. கேட்டபோது, இரண்டும் இல்லை என்றாள் சரோஜா. சிறுநீரில் அசிட்டோன் பார்க்கச் சொன்னார். உயிருக்கு ஆபத்தான வகையென்றால் அந்தச் சோதனையில் ஊதா வளையம் வர வேண்டும். வரவில்லை. டாக்டர் பவானியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்னலைத் தூக்கிப் பிடித்து, தலையைக் குனியச் சொன்னார். கழுத்தைச் சுற்றி, வெல்வெட் துணி ஒட்டியது போல் கறுப்பாக ஒரு பட்டை.

அதைப் பார்த்ததும் சரோஜா அழுதுவிட்டாள்.

“பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்ச்சிட்டேன் டாக்டர். கடல மாவு போட்டேன். எலுமிச்சம்பழம் போட்டேன். போகவே மாட்டேங்குது. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க ‘குளிக்காதவ’ன்னு கேலி பண்ணுதுங்க. எம் நாத்தனாரு, பெத்தவளுக்குப் புள்ளையக் குளிப்பாட்டத் தெரியலன்னு ஊரெல்லாம் சொல்றாங்க.”

“இது அழுக்கு இல்லை” என்றார் டாக்டர். “எத்தனை தேய்த்தாலும் போகாது. உள்ளே இருந்து வருவது.” பிறகு என்னைப் பார்த்தார். “மணியம், நீங்கள் சொல்லுங்கள்.” எல்லாருக்கும் மலாய் புரியும்தான். ஆனால் உடம்புக்குள் நடப்பதைத் தமிழில் கேட்டால்தான் மனதில் இறங்கும் என்பது அவர் கொள்கை.

எனக்கே அப்போதுதான் அவர் விளக்கியிருந்தார். அதைச் சொன்னேன்: “இவளுக்கு இன்சுலின் சுரக்காம இல்லம்மா. சுரக்குது. ஆனா உடம்பு அதுக்குக் கீழ்ப்படிய மாட்டேங்குது. மண்டோர் காலையில வந்து வேலைக்கு ஆள் கூப்பிடுறாரு, ஒருத்தரும் வீட்ட விட்டு வரல. அவரு இன்னும் சத்தமா கத்துறாரு. கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு. அந்தக் கத்தலோட அடையாளம்தான் கழுத்துல இருக்கிற கறுப்பு.”

“அப்ப பெரியவங்களுக்கு வர்ற இனிப்பு நீரா?” என்றாள் சரோஜா.

“அதேதான். எடை கூடினதால சீக்கிரமே வந்திருச்சு. ஆனா எடை மட்டும் காரணம் இல்ல. குடும்பத்துலயும் இருக்கணும்னு டாக்டர் சொல்றாங்க.”

கடைசி வாக்கியத்தை நான் அத்தனை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் போன போக்கை அப்போது நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் என் கழுத்தின் மேல் இருந்தது.

அன்று மாலை வீட்டில் இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு பின்கழுத்தைத் தேடினேன்.

“என்ன தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“கழுத்து கறுப்பா இருக்கான்னு பாக்குறேன்.”

“முதல்ல கழுத்து இருக்கான்னு பாருங்க.”

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நான் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. முன் வரிசைக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்ட கழுத்தில் பாதி சந்தேகத்துக்குரியது. பிள்ளைகள் வரிசையில் இன்னும் கவலை. ஆரஞ்சு பானத்தை ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், “பிள்ளைகளுக்குத் தண்ணி குடுங்க” என்றேன். “தண்ணிதானே சார் ஊத்துறேன்” என்று கலங்கிப்போனார். எங்கள் ஊரில் குடிக்கிற எல்லாமே ‘தண்ணி’தான்.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பவானியின் இரத்தத்தைச் சோதித்து, டாக்டர் ஹலிமா சொன்னதையே உறுதி செய்தார்கள். ஊசி வேண்டாம். சாப்பாட்டு முறை, ஓட்டம் ஆட்டம், ஒரு மாத்திரை. வாரா வாரம் எங்களிடம் வந்து விரலில் ஒரு குத்து. இரண்டு வாரம் வந்தாள். மூன்றாவது வாரம் வரவில்லை. நாலாவது வாரமும் இல்லை. மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “இப்போது அவளுக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. இப்படியே விட்டால் இருபது வயதில் கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் தேடி வருவாள். ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டும்” என்றார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்து லயத்து வீட்டில் சண்டை முற்றியிருந்தது. ‘குடும்பத்துலயும் இருக்கணும்’ என்று நான் சொன்ன ஒரு வாக்கியம் வீட்டுக்குள் போய், ‘எந்தக் குடும்பம்?’ என்ற கேள்வியாகக் குட்டி போட்டிருந்தது. பவானியின் அப்பா முனியாண்டி, செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர், வாய் திறக்காத ஆள். அவருடைய அக்கா ராசம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். “சீக்கு பொண்ணு வீட்டுப் பக்கம் வந்தது” என்று அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். சரோஜாவின் அண்ணன் வேலு மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, “மாப்பிள்ள வீட்டுச் சீக்கு எந்தங்கச்சி புள்ளைக்கு வந்திருச்சு” என்று எதிர்த் தீர்ப்புச் சொல்லியிருந்தார். பவானி யாரோடும் பேசுவதில்லை.

நடந்ததை டாக்டரிடம் சொன்னேன்.

“லாகி?”

“அவங்க முறைக் கல்யாணம் டாக்டர். முனியாண்டி, சரோஜாவோட சொந்தத் தாய்மாமன் மகன்.”

அந்த முகம் மாறி நான் முதல் தடவை பார்த்தேன். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. “எல்லாரையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள்.”

வந்தார்கள். வேலு மட்டும், “சாப்பிடல டிரசர், ஒரு தே தாரிக் மட்டும் குடிச்சேன், அதுவும் தண்ணிதானே” என்றார். பவானி உள்ளே வர மாட்டேன் என்று கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் மேசையில் இரண்டு எஃகுத் தட்டுகளை வைத்தார். ஒன்று மாப்பிள்ளை பக்கம், ஒன்று பெண் பக்கம். கிண்ணம் நிறைய பஞ்சு உருண்டை. பக்கத்தில் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் உருண்டை. இனிப்பு நீர் இருப்பவர், இருந்தவர் என்று தோன்றினால் மருந்தில் முக்கி வைப்பது. இரண்டு பக்கத்தாரும் தேர்தல் எண்ணிக்கை பார்க்க வந்த கட்சிக்காரர்கள் போல நெருங்கி நின்றார்கள்.

“எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றார் ராசம்மா. “அறுபது வயசுலயும் பழக்குலைய ஒத்தக் கையால தூக்குவாரு.”

“தூக்குவாரு. தூக்கி வச்சிட்டு ஒண்ணுக்கு ஓடுவாரு. மறுபடி தூக்குவாரு, மறுபடி ஓடுவாரு” என்றார் வேலு.

“மச்சான், ஒங்க அப்பாவுக்குக் கண்ணு எப்படிப் போச்சு? அதையும் சொல்லுங்க” என்றார் ராசம்மா.

“அது புரை லா.”

“நாப்பது வயசுலயா? ரெண்டு கண்ணுலயுமா?”

“லாகி?” என்றார் டாக்டர். ஆளுக்கொரு உருண்டை மஞ்சளானது.

“உன்னக் கட்டிக்கச் சொல்லி எங்கம்மா ஒரு காலத்துல எவ்வளவு அழுதாங்க தெரியுமா ராசம்மா? நல்ல வேள, தப்பிச்சேன்.”

“நான் தப்பிச்சேன்னு சொல்லுங்க.”

டாக்டர் ஒரு புது உருண்டையை எடுத்தார். “அதற்கு முந்திய தலைமுறை? தாத்தா?”

இருவர் முகத்திலும் வெளிச்சம். “மாரிமுத்துத் தாத்தா! எங்க தாத்தா டாக்டர்!” என்றார் ராசம்மா. “எங்கம்மாவப் பெத்தவரு, எங்க தாத்தா” என்றார் வேலு. “தோட்டத்துக் கோயிலுக்கு முதல் கல்லு எடுத்து வச்சவரு.” “எங்க பக்கம் வைங்க டாக்டர்.” “இல்ல, இந்தத் தட்டுல வைங்க.”

“எப்படி இறந்தார்?” என்றார் டாக்டர்.

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முனியாண்டி வாய் திறந்தார். “கால்ல முள்ளு குத்திச்சு டாக்டர். ஆறல. முதல்ல விரல எடுத்தாங்க. அப்புறம் முட்டி வரைக்கும் எடுத்தாங்க.”

டாக்டர் உருண்டையை மருந்தில் முக்கினார். “இப்போது எந்தத் தட்டு?”

ராசம்மா தொண்டையைச் செருமினார். “கடைசி காலத்துல அவரு வேலு மச்சான் வீட்லதான் டாக்டர் இருந்தாரு.”

“இருந்தா? உங்கப்பாவப் பெத்தவருல்ல அவரு!”

“ஒங்கம்மா மட்டும் என்ன, தகப்பன் இல்லாம வானத்துல இருந்தா விழுந்தாங்க?”

டாக்டர் இரண்டு தட்டுகளையும் விளிம்பு ஒட்டும்படி நகர்த்தினார். இரண்டு விளிம்பும் சேர்ந்த இடத்தில் தாத்தாவை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது ஒருத்தர் குடுத்த சீக்கு இல்ல” என்றேன். “கல்யாணத்துல மொய் வைக்கிற மாதிரி. ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் வச்சிருக்கீங்க. இந்தப் பக்கத்து மொய்யும் அந்தப் பக்கத்து மொய்யும் ஒரே பிள்ளை கைக்கு வந்து சேர்ந்திருச்சு. இனிப்புத் தண்ணியும், உக்காந்த இடத்துலயே டிவியும் அத வேகமாக் கூட்டிட்டு வந்திருச்சு. நீங்க குடுத்தத இனிமே திரும்ப வாங்க முடியாது. வீட்டுச் சாப்பாட்ட மாத்தலாம்.”

“புள்ளைக்குத் தனியாத்தான் சமைக்கிறேன்” என்றாள் சரோஜா.

அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது. “அதான் வரமாட்டேன்னு சொன்னேன்.”

எல்லாரும் திரும்பினோம். பவானி அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்போம்.

“எனக்கு மட்டும் வெந்த கீர. அவங்களுக்குக் கோழி. என்னைய நடக்கச் சொல்லிட்டு அவங்க டிவி முன்னாடி முறுக்கு சாப்பிடுறாங்க. குத்துறதும் என்னத்தான். தட்டுல அத்தன மஞ்ச உருண்ட இருக்கே, அவங்கள முதல்ல குத்துங்க. இல்லன்னா நான் வரவே மாட்டேன். மாத்திரையும் சாப்பிட மாட்டேன்.”

சொன்னதைச் செய்கிறவள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “நியாயம்” என்றார். “யார் முதலில்?”

ஆளுக்கொரு புது ஊசி. விரலைத் துடைத்து, பக்கவாட்டில் குத்தி, தொங்கும் சொட்டைப் பட்டையில் வாங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, பஞ்சால் துடைத்து, சீனி அளக்கும் கருவியில் செருகி, மறுபடியும் பொறுக்க வேண்டும். எங்கள் ஊர் அளவில் ஆறுக்குள் நின்றால் நல்லது. முனியாண்டிக்கு இரட்டை இலக்கம் வந்தது. அவர் லாரி ஹாரன் மாதிரி ஒரு மூச்சு விட்டார். சரோஜாவுக்கு எல்லைக்கோட்டில். வேலு குடித்த தே தாரிக் டீயின் சீனியைக் கருவியில் தெளிவாகப் படித்தோம். அவர் இன்னொரு நாள் வர வேண்டும். ராசம்மாவுக்கு வந்தது அத்தனை பேரிலும் நல்ல எண்.

“பாத்தீங்களா?” என்றார் ராசம்மா.

டாக்டர் கருவியைப் பார்த்தார். ராசம்மாவின் கழுத்தைப் பார்த்தார். அது கறுத்திருந்தது. “மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

ராசம்மா மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

“லாகி?”

“தம்பின் டவுன்ல ஒரு டாக்டருகிட்ட… ரெண்டு வருசமா.”

வேலு சிரித்த சிரிப்பில் மருந்து வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணி, ரெண்டு வருசமா காப்பியில சீனி வேணாம்னீங்களே. முருகனுக்கு வேண்டுதல்னீங்க. நானும் நம்பி உங்களோட சேந்து சீனிய விட்டேனே?”

“அதனாலதான் ஒனக்கு எல்லக்கோட்டுலயே நின்னிருக்கு” என்றார் ராசம்மா, கொஞ்சமும் அசராமல். பிறகு குரல் இறங்கியது. “வெளிய தெரிஞ்சா எம்புள்ளைங்களுக்கு யாரு பொண்ணு குடுப்பா சரோஜா?” விரலைத் துடைக்கச் சரோஜா அண்ணியிடம் பஞ்சை நீட்டினாள்.

“இப்ப டிரசர் அங்கிள்” என்றாள் பவானி.

“நானா? நான் குடும்பம் இல்லையேம்மா. கிளினிக்ல ஒரு ஆளாவது தெம்பா இருக்கணும். அதுவும் இல்லாம பட்டை தட்டுப்பாடு. அரசாங்கச் சொத்து…”

டாக்டர் என் கையைப் பிடித்து மேசையில் வைத்துவிட்டார். எனக்கு இத்தனை காலம் தெரியாத ஒன்று அன்று தெரிந்தது: அந்த ஊசி வலிக்கும். “எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று நான் சொல்லிவந்தது பச்சைப் பொய். அந்த இரண்டு நிமிடங்களில் நான் இரண்டு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, உயிலும் எழுதி முடித்திருந்தேன். இரட்டை இலக்கம். நாற்காலியில் சாய்ந்த எனக்கு வேலு விசிறினார்.

“டாக்டரு மட்டும் கை நீட்ட மாட்டாங்களா?” என்றார் ராசம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் ஹலிமாவிடம் அப்படிப் பேசி யாரும் பிழைத்ததில்லை. ஆனால் அவர் கையைத் துடைத்து, தானே குத்திக்கொண்டார். “என் அம்மாவுக்கு இருக்கிறது” என்றார். எண் நன்றாக இருந்தது. ‘எனக்கு இல்லை’ என்று அவர் சொல்லவில்லை. ‘இன்னும் இல்லை’ என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் இரண்டு சமையல் நின்றது. கோழி வந்தால் எல்லாருக்கும் கோழி, கீரை வந்தால் எல்லாருக்கும் கீரை. சாயங்காலம் செம்பனை வரிசைக்குள் மொத்தக் குடும்பமும் நடந்தது. வேலு வரும் நாட்களில் சண்டையும் கூடவே நடந்தது. பவானிக்குச் சீனி இறங்கியது, கழுத்து மெல்ல வெளுத்தது. பரம்பரை எங்கேயும் போய்விடவில்லை. ஆகையால் இப்போது படிவம் ஐந்தில் படிக்கிற பதினேழு வயதிலும் சோதனைக்கு வருகிறாள். நான் அன்று ஆரம்பித்த மாத்திரையைத் தின்றுகொண்டிருக்கிறேன். அடுத்த நோயாளிக்கு நான் ஓடவில்லை. முதலில் கழுத்தைப் பார்த்தேன்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று அறையில் எல்லாரும் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பவானி கதவை விட்டு வந்தாள். எல்லார் விரலையும் ஒரு தடவை பார்த்தாள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

“இப்ப என்னோடது. பயப்படாமக் குத்துங்க அங்கிள்.”